அளக்கத் தெரிந்த கை

நீங்கள் எழுதக் கற்ற முதல் நாளை நினைத்துப் பாருங்கள். மடியில் ஒரு சிலேட்டு. விரல்களுக்கு நடுவே ஒரு பலப்பம். முதலில் ஒரு கோடு. பிறகு 'ட'. பிறகு 'ப'. பலப்பம் தேயத் தேய எழுத்து வளர்ந்தது.

அந்தப் பலப்பம் எங்கிருந்து வந்தது தெரியுமா?

மத்தியப் பிரதேச மாநிலத்தில் மந்த்சௌர் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அங்கே ஒரு வகைக் கல் கிடைக்கிறது. அதை மின்சார ரம்பத்தில் வைத்து மெல்லிய குச்சிகளாக அறுத்தார்கள். அந்தக் குச்சிதான் பலப்பம். கல்லை அறுக்கும்போது தூசி பறக்கும். அரிசி மாவை விட மெல்லிய தூசி. அதில் சிலிக்கா என்ற பொருள் இருக்கிறது. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் தங்கிவிடும். அங்கே தழும்பு உண்டாக்கும். முதலில் இருமல் வரும். பிறகு மூச்சு வாங்கும். பிறகு நாலு அடி நடக்க முடியாது. இந்த நோய்க்கு சிலிகோசிஸ் என்று பெயர். வந்த நோயைக் குணமாக்க மருந்து இல்லை. வராமல் தடுக்கத்தான் முடியும்.

அகமதாபாத் நகரில் தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனம் இருக்கிறது. அதன் ஆய்வாளர்கள் மந்த்சௌர் சென்று தொழிலாளர்களைச் சோதித்தார்கள். மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். காற்றில் எவ்வளவு தூசி என்றும் அளந்தார்கள். சோதித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இந்த நோய் இருந்தது. இது 1980-களில் வெளிவந்த கணக்கு. பலப்பத் தொழிலாளர்களின் நலநிதிக்காக 1982-ல் அந்த மாநிலம் ஒரு தனிச் சட்டமே போட்டது.

ஊர் உலகம் எழுதப் படிக்கப் பலப்பம் செய்தவர்கள் அவர்கள். தங்கள் காற்றில் என்ன இருக்கிறது என்று படிக்க அவர்களுக்கு ஒரு கருவி இல்லை.

இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான். வேலை செய்யும் இடத்தில் உள்ள ஆபத்தை முன்கூட்டியே கண்டு, அளந்து, தடுக்கும் ஒரு தொழில் இருக்கிறது. தொழிற்சாலைகளில் 'சேப்டி சூப்பர்வைசர்', 'சேப்டி ஆபீசர்' என்று சொல்வார்கள். அவர்கள் என்ன படிக்கிறார்கள்? உங்கள் மகனோ மகளோ அந்தப் படிப்புக்குப் போக முடியுமா?

ஒரு தொட்டியின் கதை

முதலில் ஒரு கதை. கதைதான். ஆனால் இதுபோல் நடக்கக்கூடிய இடங்கள் நாடு முழுவதும் உண்டு.

ஒரு சாய ஆலை. அதன் பின்புறம் கழிவுநீர்த் தொட்டி. பத்தடி ஆழம். அடியில் சேறு. உள்ளே ஒரு பம்பு. ஒரு நாள் காலை பம்பு அடைத்துக்கொண்டது. கழிவுநீர் வெளியேறாவிட்டால் ஆலையை நிறுத்த வேண்டும்.

மேஸ்திரி வந்தார். இருபது வருட அனுபவம் உள்ளவர். லுங்கியை மடித்துக் கட்டினார்.

"அஞ்சு நிமிஷ வேலை. ஏணியை எடுங்கப்பா" என்றார்.

ஆலையில் ஓர் இளைஞன் இருந்தான். தொழிற்பயிற்சி நிலையத்தில் பாதுகாப்புப் படிப்பு முடித்தவன். வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவன் ஓடி வந்தான்.

"அண்ணே, இருங்க. அளந்து பார்த்துட்டு இறங்கலாம்."

"போன வருஷம் நானே இறங்கினேன் தம்பி. எனக்கு என்ன ஆச்சு?"

"இது போன வருஷக் காத்து இல்லண்ணே."

அதற்குள் மேலதிகாரி வந்துவிட்டார். "என்ன எல்லாரும் வேடிக்கை பாக்கறீங்க? மெஷின் எல்லாம் நிக்கப் போகுது."

"சார், பத்து நிமிஷம் குடுங்க. அளந்து எழுதிக் குடுத்துடறேன்."

"எழுதிக் குடுக்கறதுக்கா உனக்குச் சம்பளம்?"

இளைஞனுக்குத் தொண்டை வறண்டது. புது வேலை. வீட்டில் தங்கைக்குக் கல்யாணப் பேச்சு. ஆனாலும் சொன்னான்: "ஆமா சார். அதுக்குத்தான் சம்பளம்."

மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷம். அவ்வளவுதான்" என்றார்.

இளைஞன் வாயு அளக்கும் கருவியை எடுத்தான். முதலில் அது சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்தான். பிறகு அதன் ரப்பர் குழாயைத் தொட்டிக்குள் விட்டான். மேலே ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, அடியில் ஒரு தடவை அளந்தான். ஒவ்வொரு எண்ணையும் தாளில் எழுதினான்.

மேலே விஷவாயு பூஜ்யம். நடுவில் 4. அடியில் 65. கருவி அலறியது.

மேஸ்திரி தொட்டி வாயருகே குனிந்து மோந்து பார்த்தார். "நாத்தமே இல்லையே தம்பி" என்றார்.

மூக்கை நம்பாதே

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்தலாம். அந்த 65 என்ன?

சேறும் கழிவும் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு உண்டாகும். அழுகிய முட்டை போல் நாறும். அது காற்றை விடக் கொஞ்சம் கனம். அதனால் அடியில் தங்கும். மேலே நின்று மோந்தால் தெரியாமல் போகலாம். பத்து லட்சம் பங்கு காற்றில் 10 பங்குக்கு மேல் இந்த வாயு உள்ள இடத்தில் நாள் முழுவதும் வேலை செய்யக் கூடாது. தொட்டியின் அடியில் இருந்தது 65 பங்கு. சேற்றைக் கிளறினால் அதில் அடைபட்ட வாயுவும் வெளியே வரும். அளவு சட்டென்று ஏறும். ஏறக்குறைய 100 பங்கைத் தொட்டால் மூக்கு மரத்துப் போகும். நாற்றம் நின்றுவிடும். 'வாயு போய்விட்டது' என்று ஆள் நினைப்பான். அப்போதுதான் மயங்கி விழுவான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. நல்ல காற்றில் நூற்றுக்கு 20.9 பங்கு பிராணவாயு இருக்கும். 19.5-க்குக் கீழே போனால் உள்ளே இறங்கக் கூடாது. மூடிய இரும்புத் தொட்டியில் விஷம் எதுவுமே இருக்காது. வெறும் துருதான் இருக்கும். ஆனால் துருப்பிடிக்கும்போது இரும்பு பிராணவாயுவைத் தின்றுவிடும். உள்ளே போனவன் மூச்சு விடுவான். மூச்சில் உயிர் இருக்காது.

மூன்றாவது, தீப்பிடிக்கும் வாயு. சாணத்திலும் கழிவிலும் உண்டாகும் மீத்தேன் காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும்.

ஆகவே அளப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பிராணவாயு. இரண்டாவது தீப்பிடிக்கும் வாயு. மூன்றாவது விஷவாயு. பிராணவாயு குறைவாக இருந்தால் தீப்பிடிக்கும் வாயுவை அளக்கும் கருவிகளில் பல தப்பான எண்ணைக் காட்டும். அதனால்தான் பிராணவாயு முதலில் வருகிறது. இந்த வரிசையைப் பயிற்சியில் மறக்க முடியாதபடி சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஒருவர் உள்ளே விழுந்தால் என்ன நடக்கும்? பக்கத்தில் நிற்பவர் குதிப்பார். அவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பார். அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1986-ல் ஒரு கணக்குச் சொன்னது. இப்படிப்பட்ட இடங்களில் இறந்தவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் மற்றவரைக் காப்பாற்றப் போனவர்கள். பாசம் ஓடத்தான் சொல்லும். வெளியே நின்று கயிற்றை இழுக்கப் பழக்குவது பயிற்சி.

இது புதிய ஞானம் அல்ல. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவு இதைத்தான் சொன்னது. தகுதி உள்ளவர் தானே சோதித்து, ஆபத்தில்லை என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இறங்குபவர் சுவாசக் கருவி அணிய வேண்டும். இடுப்புப் பட்டையில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். உள்ளே கொண்டுபோகும் கைவிளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் அந்தச் சட்டத்தில் இருந்தது.

ஊர்ச் சாக்கடைக்கும் வீட்டு மலக்குழிக்கும் சட்டம் இன்னும் கண்டிப்பானது. தக்க பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இறங்காமல் செய்ய முடியுமா?

மறுபடி தொட்டிக்கு வருவோம்.

இளைஞன் தாளை மேலதிகாரியிடம் நீட்டினான். அவர் 65 என்ற எண்ணைப் பார்த்தார். பேசாமல் நின்றார்.

இளைஞன் மேஸ்திரியிடம் கேட்டான்: "அண்ணே, யாரும் இறங்காம இந்த பம்பை மேல கொண்டு வர முடியுமா?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "முடியும். பம்பு மேல ஒரு வளையம் இருக்கு. நீளக் கம்பியில கொக்கி வளைச்சு அதுல மாட்டணும். மேல செயின் பிளாக் கட்டித் தூக்கிடலாம். ஆனா ஒரு மணி நேரம் ஆகும்."

ஒரு மணி நேரம் ஆனது. பம்பு மேலே வந்தது. உள்ளே சிக்கியிருந்தது ஒரு பழைய துணி. மறுபடி இறக்கும் முன் வளையத்தில் ஒரு சங்கிலியை நிரந்தரமாகக் கட்டி, அதன் மறுமுனையைத் தொட்டியின் விளிம்பில் மாட்டினார்கள். இனி எப்போது அடைத்தாலும் பத்து நிமிஷத்தில் தூக்கிவிடலாம்.

"இருபது வருஷமா எனக்கு இது தோணலையே தம்பி" என்றார் மேஸ்திரி.

"உங்களுக்குத்தாண்ணே தோணுச்சு. நான் நேரம்தான் கேட்டேன்" என்றான் இளைஞன்.

படிப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள்?

அந்த இளைஞன் செய்ததை வரிசையாகப் பாருங்கள். அவன் கற்ற படிப்பு முழுவதும் அதில் இருக்கிறது.

முதலாவது, பார்ப்பது. வேலை தொடங்கும் முன் இடத்தைச் சுற்றி வருவது. எங்கே விழலாம், எங்கே கை சிக்கலாம், எது எரியும், எது வெடிக்கும் என்று பட்டியல் எடுப்பது. சாய்த்து வைக்கும் ஏணிக்கு நாலுக்கு ஒன்று கணக்கு. ஏணி நாலு அடி உயரத்தில் சாய்ந்தால் அதன் கால் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி இருக்க வேண்டும். இது போன்ற கணக்குகள் நூற்றுக்கணக்கில் உண்டு.

இரண்டாவது, அளப்பது. வாயு மட்டும் அல்ல. தூசி, வெப்பம், வெளிச்சம், சத்தம் எல்லாவற்றுக்கும் கருவி உண்டு. எட்டு மணி நேர வேலைக்குச் சத்தம் 90 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தொழிற்சாலை விதி. தறி ஓடும் கூடத்தில் நின்று கருவியைப் பிடித்து அளந்து பழகுகிறார்கள்.

மூன்றாவது, தடுப்பது. இதற்கும் வரிசை உண்டு. ஆபத்தை அடியோடு நீக்க முடியுமா என்பது முதல் கேள்வி. முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த பொருளை மாற்றலாமா? அதுவும் முடியாவிட்டால் இயந்திரத்துக்கு மூடி போடலாமா, தூசியை உறிஞ்சும் குழாய் வைக்கலாமா? அதன் பிறகுதான் விதிமுறையும் எச்சரிக்கைப் பலகையும். ஹெல்மெட், கையுறை, முகமூடி எல்லாம் கடைசி வரி. பலரும் ஹெல்மெட் கொடுத்தால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். கல் தலையில் விழுந்த பிறகுதான் ஹெல்மெட்டுக்கு வேலை. கல் விழாமல் தடுப்பதுதான் இந்தப் படிப்பு.

இயந்திரத்தைப் பழுது பார்க்கும்போது மின்சாரப் பெட்டியைப் பூட்டச் சொல்லித் தருகிறார்கள். வேலை செய்பவர் தன் பூட்டைப் போட வேண்டும். சாவி அவர் பையில் இருக்க வேண்டும். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டைத் திறக்கும் வரை யாரும் சுவிட்சைத் தொட முடியாது.

நான்காவது, எழுதுவது. எத்தனை மணிக்கு அளந்தது, யார் அளந்தார், எந்த எண், அனுமதி எதுவரை செல்லும் என்று எழுத வேண்டும். இந்தத் தாளை 'பெர்மிட்' என்பார்கள். அதில் கையெழுத்துப் போடுவது விளையாட்டு அல்ல. அளக்காமல் போட்ட கையெழுத்து ஓர் ஆளைக் கொல்லும்.

ஐந்தாவது, பேசுவது. மேஸ்திரியிடம் மரியாதையாகப் பேச வேண்டும். அதிகாரியிடம் பயப்படாமல் பேச வேண்டும். எல்லாவற்றிலும் கடினமான பாடம் இதுதான். கருவியில் தெரிந்த எண்தான் அந்த இளைஞனுக்குத் துணை நின்றது. வெறும் கையோடு 'வேண்டாம்' என்றிருந்தால் அவனை யார் மதித்திருப்பார்கள்?

போபால் மறக்கக் கூடாதது

1984 டிசம்பர் 2. இரவு நேரம். போபாலில் யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலையின் ஒரு தொட்டியில் தண்ணீர் புகுந்தது. உள்ளே இருந்த மீதைல் ஐசோசயனேட் கொதித்து வாயுவாக வெளியேறியது. விடிவதற்குள் ஊர் பிணக்காடானது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். லட்சக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள்.

அங்கே பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இல்லை. தொட்டியைக் குளிர வைக்கும் இயந்திரம் இருந்தது. அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். வாயுவை எரித்து அழிக்கும் கோபுரம் இருந்தது. அதற்குப் போகும் குழாய் பழுதுக்காகக் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவும் கருவி இருந்தது. அதுவும் தயார் நிலையில் ஓடவில்லை.

கருவியை வாங்கினால் போதாது. அது இன்று வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்க ஓர் ஆள் வேண்டும். 'வேலை செய்யவில்லை, நிறுத்துங்கள்' என்று அவர் சொன்னால் கேட்கும் நிர்வாகமும் வேண்டும்.

போபாலுக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான தொழில்களுக்கு ஒரு தனி அத்தியாயமே சேர்ந்தது. இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-ல் இயற்றிய தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு இருக்கிறது. அது 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி 500 பேர் வேலை செய்யும் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி இருக்க வேண்டும். ஆபத்தான தொழில் என்றால் 250 பேர். கட்டட வேலை என்றாலும் 250 பேர். சுரங்கம் என்றால் 100 பேர்.

சிறிய பட்டறைகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஆபத்து மட்டும் அங்கேயும் உண்டு. அங்கே தொழிலாளிதான் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். தன் உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமான அச்சம் இருந்தால் அதை முதலாளிக்குத் தெரிவிக்கலாம். ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். இது சட்டம் தரும் உரிமை.

யார் படிக்கலாம்?

பத்தாம் வகுப்பு தேறியவர் தொழிற்பயிற்சி நிலையங்களில் சேரலாம். தொழில்நலம், பாதுகாப்பு, சுற்றுச்சூழல் பற்றிய பிரிவு உண்டு. தீயணைப்பும் தொழிற்பாதுகாப்பும் சேர்ந்த பிரிவும் உண்டு. ஓராண்டுப் படிப்பு. எல்லா நிலையங்களிலும் எல்லாப் பிரிவும் இருக்காது. விசாரித்துச் சேர வேண்டும்.

பாதுகாப்பு அதிகாரி ஆவதற்கு இன்னும் மேலே படிக்க வேண்டும். பொறியியல் டிப்ளமோ அல்லது பட்டம், அதன் பின் தொழிற்சாலை அனுபவம், அதன் பின் தொழிற்பாதுகாப்பில் உயர் டிப்ளமோ. மும்பையில் உள்ள மத்தியத் தொழிலாளர் நிறுவனத்திலும், சென்னை, கொல்கத்தா, கான்பூர் போன்ற ஊர்களில் உள்ள மண்டல நிறுவனங்களிலும் இதற்கான பயிற்சி நடக்கிறது.

பத்தாவது படிக்காமல் நின்றவர் என்ன செய்வது? தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் வீட்டிலிருந்தே படித்துப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். மேல் வயது வரம்பு கிடையாது.

ஓர் எச்சரிக்கை. பத்து நாள் வகுப்பு நடத்திப் பெரிய சான்றிதழ் தருபவர்களும் உண்டு. பணம் கட்டும் முன் கேளுங்கள்: 'இதற்கு அரசு அங்கீகாரம் உண்டா? கருவியைக் கையில் கொடுத்துப் பழக்குவீர்களா?' கருவியைத் தொடாமல் பெற்ற சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் உதவும்.

பெண்களும் இதைப் படிக்கலாம். கருவியைப் படிக்கவும் கணக்கை எழுதவும் 'நில்லுங்கள்' என்று சொல்லவும் ஆண் பெண் வேறுபாடு இல்லை.

நண்பர்களே, மார்ச் 4-ஆம் நாளைத் தேசியப் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடுகிறோம். தேசியப் பாதுகாப்புக் குழு 1966-ல் தொடங்கிய நாள் அது. அன்று உறுதிமொழி எடுப்பார்கள், மிட்டாய் கொடுப்பார்கள். நல்லதுதான். மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது உங்கள் இடத்தில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். பீப்பாயின் மேல் உள்ள பெயரைப் படியுங்கள். கையெழுத்துக் கேட்டு நீட்டும் தாளை முழுதும் படியுங்கள். புரியாவிட்டால் கேளுங்கள். எழுத்தறிந்த நீங்கள் அந்தப் படிப்பின் முதல் படியில் இப்போதே நிற்கிறீர்கள்.

கூடிப் பேசுங்கள்

1. மேஸ்திரிக்கு ஏன் நாற்றம் தெரியவில்லை?

2. வாயுவை மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடங்களில் அளப்பது ஏன்?

3. உங்கள் ஊரில் கிணறு, தொட்டி, மலக்குழி இவற்றில் யார் இறங்குகிறார்கள்? இறங்கும் முன் என்ன பார்க்கிறார்கள்?

4. நீங்கள் செய்யும் வேலையில் உள்ள ஓர் ஆபத்தை எழுதுங்கள். அதை அடியோடு நீக்க வழி உண்டா என்று வயதில் மூத்த தொழிலாளி ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள்.